தருமபுரியில் அலர்ஜி தோல் பரிசோதனை: இரண்டு முறை போய்வந்த அனுபவம்

காரிமங்கலத்திலிருந்து தருமபுரிக்கு இந்தப் பரிசோதனைக்காக என் மகளை இரண்டு முறை அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. முதல் முறை போனது வீண். அவள் தினமும் இரவில் செட்டிரிசின் என்னும் அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறாள் என்று முன்பதிவின்போதே நான் சொல்லியும், ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும் என்பதை வரவேற்பில் இருந்தவர் சொல்லவில்லை. பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து பேருந்து மாறி வருகிறவர்களுக்கு இதனால் ஒரு நாள் கூலியும் பிள்ளையின் பள்ளி நாளும் சேர்ந்தே போகும் என்பதால், இந்தக் குறையை முதலில் எழுதுகிறேன்.

முன்கையின் உட்புறத்தில் பேனாவால் எண் இட்டு, தூசிப்பூச்சி, கரப்பான், பார்த்தீனியம், சீமைக்கருவேல மகரந்தம் எனத் துளித் துளியாக வைத்து, ஒவ்வொரு துளியின் வழியாகவும் தோலை ஊசிமுனையால் லேசாகக் குத்துகிறார்கள். இவற்றோடு ஒப்பீட்டுக்காக இரண்டு துளிகள் உண்டு. ஒன்று எதுவும் செய்யக்கூடாத உப்புநீர், மற்றொன்று அலர்ஜியின்போது உடலே வெளியிடும் ஹிஸ்டமின் என்னும் பொருள். ஹிஸ்டமின் வைத்த இடம் அலர்ஜி இல்லாதவருக்கும் தடிக்க வேண்டும். தடிக்கவில்லை என்றால் மற்ற துளிகளின் முடிவுக்கும் மதிப்பில்லை. முதல் நாள் அவளுக்கு அது தடிக்கவே இல்லை. மருத்துவர் பணம் வாங்காமல் வேறு தேதி கொடுத்தார்.

மாத்திரையை நிறுத்திய அந்த வாரம் தும்மலும் அரிப்புமாக அவளுக்குக் கடினமாகவே கழிந்தது. இரண்டாம் முறை, ஹிஸ்டமின் துளி வைத்த இடம் பத்தே நிமிடத்தில் கொசு கடித்தது போலத் தடித்து, சுற்றிலும் சிவந்தது. பதினைந்தாவது நிமிடத்தில் அளந்தபோது தூசிப்பூச்சியின் தடிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. பார்த்தீனியத்துக்கு ஒன்றும் இல்லை.

இந்த இடத்தை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க எனக்குத் துணிவு தருவது, அதற்குப் பிறகு மருத்துவர் ஒதுக்கிய அரைமணி நேரம். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கும் நான் ஹிஸ்டமினை அரிப்பும் வீக்கமும் தரும் பொருளாகவே இதுவரை சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். அது நோய் எதிர்ப்புச் செல்களுக்கு இடையே செய்தியாகவும் செல்கிறது என்பதை அவர் மருந்துச்சீட்டின் பின்புறத்தில் வரைந்து காட்டினார். தூசிப்பூச்சியின் புரதம், தோலிலும் மூக்கிலும் இருக்கும் மாஸ்ட் செல் என்னும் நோய் எதிர்ப்புச் செல்லின் மேலுள்ள ஐஜிஇ என்னும் அலர்ஜி எதிர்ப்பொருள்களைப் பிணைத்தவுடன், உள்ளே துகள்களில் தயாராக இருக்கும் ஹிஸ்டமின் சில நிமிடங்களில் வெளியேறுகிறது. அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் நான்கு வகை. செட்டிரிசின் தடுப்பது ஹெச்1 என்னும் முதல் வகையை மட்டுமே. இரத்தக்குழாய் கசிவதும் நரம்பு அரிப்பை உணர்வதும் அந்த ஏற்பியின் வழியாகத்தான் என்பதால், முதல் நாள் தோல் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஹெச்2 ஏற்பியின் வழியே நடப்பது வேறு. அந்நியப் பொருளை மற்ற நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் டென்ட்ரிட்டிக் செல்லின் மேல் ஹிஸ்டமின் அந்த ஏற்பியைத் தொடும்போது, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் மூலக்கூறு கூடி, இன்டர்லூக்கின்-12 என்னும் செய்திப் புரதம் சுரப்பது குறைந்து, இன்டர்லூக்கின்-10 கூடுகிறது. அதனால் அந்தச் செல் வழிநடத்தும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் அலர்ஜிக்குத் துணைபோகும் இரண்டாம் வகைப் பக்கம் சாய்கின்றன. அதே ஹெச்2 டி செல்களின் மேல் இருக்கும்போது அவற்றின் சைட்டோகைன் (இத்தகைய செய்திப் புரதங்கள்) உற்பத்தியை அடக்கவும் செய்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது. ஒரே மூலக்கூறு எந்தச் செல்லில் எந்த ஏற்பியைத் தொடுகிறது என்பதைப் பொறுத்துத் தூண்டுகிறது, அடக்குகிறது. 2000-ஆம் ஆண்டில்தான் அடையாளம் காணப்பட்ட ஹெச்4, ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்களை வீக்கம் உள்ள இடத்துக்கு ஈர்க்கிறது.

இதை இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் உண்டு. தோல் பரிசோதனை காட்டுவது முதல் பதினைந்து நிமிடத்தை மட்டுமே. மாஸ்ட் செல்களும் டி செல்களும் இன்டர்லூக்கின்-4, 5, 13 ஆகியவற்றைச் சுரந்து வீக்கத்தை வளர்ப்பது அதற்குப் பல மணி நேரம் கழித்து. மாத்திரையால் மகளின் தும்மல் நின்றும் விடியற்காலை மூக்கடைப்பு நிற்காமல் இருந்ததற்கு இதுவே காரணம் என்று விளக்கி, சைட்டோகைன் உற்பத்தியையே குறைக்கும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயை எழுதிக் கொடுத்தார். தலையணை உறைகளை வாரம் ஒருமுறை சூடான நீரில் துவைக்கச் சொன்னார். மூன்று வாரமாக இரவில் வாய் மூடித் தூங்குகிறாள்.

இடம் சுத்தமாக இருக்கிறது. கட்டணத்தை முன்கூட்டியே எழுதித் தருகிறார்கள். கடும் அலர்ஜி ஏற்பட்டால் போடும் அட்ரினலின் ஊசியை மேசையின் மேல் தயாராக வைத்திருந்ததும், முடிந்த பிறகும் அரைமணி நேரம் உட்காரவைத்துப் பார்த்ததும் எனக்கு நிம்மதி தந்தன. ஆனால் அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில், வெறும் மில்லிமீட்டர் எண்களாக இருக்கிறது. நிறுத்த வேண்டிய மாத்திரைகளின் பெயர்களைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, முன்பதிவின்போதே தந்தால் முதல் பயணம் யாருக்கும் வீணாகாது. இதை அவர்களிடமும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சீமைக்கருவேலத் துளிக்கு வந்த 3 மில்லிமீட்டர் தடிப்பைப் பற்றி மட்டும் மருத்துவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. தோல் தடிப்பதாலேயே அது நோய் ஆகிவிடாது என்று கூறி, எங்கள் ஏரிக்கரையில் அந்த மரங்கள் பூக்கும் வாரங்களில் தும்மல் கூடுகிறதா என்று நாள்தோறும் குறித்துவரச் சொல்லியிருக்கிறார்.