யூபிவி மெஷினோடு ஆறு வருடம்

மீயொலியின் வேகத்தை அளந்து கான்கிரீட்டின் தரம் பார்க்கும் யூபிவி மெஷின் என் பையில் ஏறி ஆறு வருடம் ஆகிறது. ஒரு பெட்டி, இரண்டு ப்ரோப், ஒரு டப்பா கிரீஸ். தூணின் ஒரு முகத்தில் அழுத்திய ப்ரோப்பிலிருந்து மீயொலி கிளம்பி எதிர்முகத்துக்கு வந்து சேர எத்தனை மைக்ரோ செகண்ட் ஆனது என்று திரை காட்டும். 300 மி.மீ. தூணில் 71 வந்தால் வேகம் நொடிக்கு 4.2 கி.மீ. நான் பழகிய 1992-ஆம் வருட இந்தியத் தரநிலை ஐ.எஸ். 13311 அட்டவணையில் 3.5 முதல் 4.5 வரை நல்ல கான்கிரீட். 3-க்குக் கீழே போனால் சந்தேகம்.

மெஷினோடு வந்தது 54 கிலோஹெர்ட்ஸ் ஜோடி. அதிர்வெண் ஏறினால் நுணுக்கமாகத் தெரியும் என்று நம்பி 150 கிலோஹெர்ட்ஸ் ஜோடியும் வாங்கினேன். தண்டச் செலவு. 600 மி.மீ. தூணில் வைத்தால் எண் நிலைகொள்ளவே இல்லை. 82, 140, 97 என்று குதித்தது. கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது. 54-ல் அலைநீளம் சுமார் 78 மி.மீ.; நம் முக்கால் இன்ச் ஜல்லி 20 மி.மீ. அலை ஜல்லியைப் பெரிதாகச் சட்டை செய்யாமல் போய்விடும். 150-ல் அலைநீளம் 28 மி.மீ.தான். கிட்டத்தட்ட ஜல்லி அளவுக்கே வந்துவிட்டதால் ஒவ்வொரு கல்லும் அலையைத் திசைக்கொன்றாய்ச் சிதறடிக்கிறது. தடை அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் சிதறல் அதிர்வெண்ணின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பது இயற்பியலாளர் ராலே சொன்ன விதி. வானம் நீலமாகத் தெரிவதும் அதனால்தான். ஜல்லியும் அலையும் இவ்வளவு நெருங்கிய இடத்தில் அந்த விதி அப்படியே செல்லாது, ஆனாலும் போகும் திசை அதுதான். வெல்டிங் சோதிக்கும் நண்பரின் 4 மெகாஹெர்ட்ஸ் கருவி இரும்புக்குள் அடிக்கணக்கில் பார்க்கும். கான்கிரீட்டில் நான்கு விரல் கனம் தாண்டாது.

இரண்டாம் வருடம் ஒரு பீமில் வசமாக ஏமாந்தேன். அடிப்பக்கம் மட்டும்தான் கைக்கு எட்டியது, அதனால் இரண்டு ப்ரோப்பையும் ஒரே முகத்தில் வைத்தேன். 4.6 வந்தது. ஒரே முகத்தில் வைத்தால் பொதுவாக வேகம் குறைவாகத்தான் காட்டும். அந்த எண்ணைப் பார்த்ததுமே உறுத்தியிருக்க வேண்டும். உள்ளே கம்பி எங்கே என்று காட்டும் கவர் மீட்டரை ஓட்டினால், ப்ரோப்புக்கு நேர் உள்ளே 25 மி.மீ. கம்பி நீளவாக்கில் போகிறது. இரண்டு கம்பிக்கு நடுவே தள்ளி வைத்ததும் 3.3.

“சார், முதல்ல வந்த நம்பரையே எழுதிக்கலாமே?” என்றார் மேஸ்திரி.

“அது கம்பியோட நம்பர், மேஸ்திரி.”

அப்புறம் மழை. விரிசலில் தண்ணீர் நின்றால் அலை அதன் வழியாகவே கடந்துவிடும். விரிசல் இருப்பதே தெரியாது. ஈரம் காயாமல் இப்போது அளப்பதில்லை.

இந்த மெஷினில் எனக்கு மிகவும் பிடித்தது எண்ணைவிட அலைவடிவத் திரை. எண் என்பது முதலில் வந்து சேர்ந்த அலையின் நேரம் மட்டும். ஹனிகோம்ப், அதாவது சிமெண்ட் பால் சேராமல் பொந்தாகிப்போன இடம், இருந்தால், அதைச் சுற்றிக்கொண்டு வரும் அலை கொஞ்சம்தான் தாமதிக்கும், 3.6 காட்டி நல்ல பெயர் வாங்கிவிடும். ஆனால் திரையில் முதல் முகடு மெலிந்து, பின்னால் சிதறிய அலைகளின் வால் நீண்டு கிடக்கும். அப்படித் தெரிந்த ஒரு தூணில் துளைத்து கோர் (உருளைத் துண்டு) எடுத்தோம். சிமெண்ட் பால் சேராமல் வெறும் ஜல்லி, விரலால் பெயர்த்தாலே வந்தது. 1969 நவம்பரில் அப்பல்லோ 12-இன் ஏறுகலத்தை நிலவில் மோதவிட்டபோது அங்கிருந்த அதிர்வுமானி கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆடியதற்கும் காரணம் இதே சிதறல்தான்: நொறுங்கிய, ஈரமில்லாத நிலவுப் பாறை. எண் மட்டும் காட்டும் மலிவு மாடல் வாங்க நினைப்பவர்கள் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்துத் திரை உள்ளதாக வாங்குங்கள்.

குறைகளும் உண்டு. வெயிலில் திரை தெரியாது. துண்டைப் போர்த்திக்கொண்டுதான் பார்க்கிறேன். கேபிள் முனை மூன்று முறை விட்டுப்போனது. கிரீஸ் கறைக்காகப் பெயிண்ட் அடித்த வீடுகளில் வாங்கும் திட்டு தனிக்கணக்கு. கூடவே வரும் அளவுத்தண்டில் தினமும் ஒரு முறை சரிபார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். கேபிள் போனதை அதுதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

150 ஜோடியை மார்ட்டர் கியூபுக்கு (சிமெண்ட்-மணல் கலவைக் கட்டி) மட்டும் எடுக்கிறேன். அதில் ஜல்லி கிடையாதே. பாதி விலைக்கு யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன்.