பிரிண்டர் மக்கர் செய்தால்: நாமே பார்ப்பதா, கடையில் கொடுப்பதா?

தருமபுரியில் ஜெராக்ஸ் கடை நடத்துபவருக்குப் பிரிண்டர் நின்றால் அன்றைய வரும்படியும் நின்றுவிடும். அதற்காக எல்லாப் பழுதுக்கும் மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டியதில்லை.

சிக்கிய தாளை எடுப்பது முழுக்க நாமே செய்யக்கூடிய வேலை. மின்சாரத்தை நிறுத்தி, பின்பக்க மூடியைத் திறந்து, தாள் நகரும் திசையிலேயே இரண்டு கைகளாலும் மெதுவாக இழுங்கள். கிழிந்த துணுக்கு ஒன்று உள்ளே தங்கினாலும் அடுத்த தாளும் மாட்டும். லேசர் பிரிண்டர் என்றால் சூடு தணியும்வரை பொறுங்கள். தாளை இழுக்கவே மறுத்தால் ரப்பர் ரோலரை ஈரத்துணியால் துடையுங்கள்.

இங்க் டேங்க் பிரிண்டரில் எழுத்து விட்டுவிட்டு விழுந்தால், கோடை விடுமுறையில் சும்மா கிடந்து மை உலர்ந்திருக்கலாம். மை வரும் முனையைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை இரண்டு மூன்று முறைக்கு மேல் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் மை வீணாகி, அதை உறிஞ்ச உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சில் சேர்கிறது. ஓர் இரவு விட்டு மறுநாள் பாருங்கள்.

பழுதுபார்க்கும் கடைக்குப் போவது அதற்குப் பிறகுதான். கழிவுப் பஞ்சு நிறைந்த எச்சரிக்கை, பல்சக்கரம் நெறிபடும் சத்தம் என்றால் கடையேதான். கருகல் வாடை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். மொத்தச் செலவு புதிய பிரிண்டரின் விலையில் பாதியைத் தாண்டினால், பழுதுபார்க்க நான் சொல்லமாட்டேன். பென்னாகரத்திலிருந்து பைக்கில் கொண்டுவருபவர்கள் பிரிண்டரைச் சாய்க்காதீர்கள். மை உள்ளே கொட்டிப் புதுப் பழுது கிளம்பிவிடும்.