சிடிகே1 ஆன்டிபாடி: பாலிகுளோனலா, ரீகாம்பினன்டா?

போன மாதம் எங்கள் ஆய்வகத்தில் சிடிகே1 (CDK1, செல் பிரிவை இயக்கும் கைனேஸ் நொதி) புரதத்தைக் கண்டறியும் ஆன்டிபாடி தீர்ந்துபோனது. பழைய முயல் பாலிகுளோனலையே (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை) மறுபடி வாங்குவதா, ரீகாம்பினன்ட் முயல் மோனோகுளோனலுக்கு (மரபணு வரிசையிலிருந்து தயாரிக்கும் ஒரே வகை ஆன்டிபாடி) மாறுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் மாறிவிட்டேன்.

விலை ரீகாம்பினன்டுக்குத்தான் அதிகம். பாலிகுளோனல் புரதத்தின் பல இடங்களில் ஒரே சமயத்தில் ஒட்டும் என்பதால் சாம்பிள் குறைவாக இருந்தாலும் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) பேண்ட், அதாவது புரதத்தின் கோடு, பளிச்சென்று வரும். இந்த இரண்டிலும் பழையதுக்கே மதிப்பெண்.

என்னை மாற்றியது லாட் (தயாரிப்புத் தொகுதி) பிரச்சினை. பாலிகுளோனல் என்பது முயலின் ரத்தத்திலிருந்து எடுப்பது. அந்த முயலின் சீரம் தீர்ந்ததும் அடுத்த முயல். கேட்டலாக் எண் அதேதான், ஆனால் உள்ளே இருக்கும் ஆன்டிபாடிக் கலவை வேறு. மற்ற புரதங்களில் இந்த மாற்றம் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும், தேவையில்லாத இடத்தில் ஒரு பேண்ட் முளைக்கும். சிடிகே1-இல் அப்படி நடக்காது. அதில் 297 அமினோ அமிலங்கள், அதன் நெருங்கிய உறவுப் புரதமான சிடிகே2-இல் 298. வரிசையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒன்றேதான். இரண்டும் ஜெல்லில் 34 கிலோடால்டன் பக்கத்திலேயே ஓடும். ஆன்டிபாடி சிடிகே2-வையும் பிடித்தால் அழகான ஒற்றைப் பேண்ட்தான் தெரியும், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

எங்களுக்கு அதுதான் நடந்தது. பாட்டில் மாறிய பிறகு, எஸ்ஐஆர்என்ஏ (siRNA, குறிப்பிட்ட ஒரு புரதம் உருவாவதைக் குறைக்கும் சிறு ஆர்என்ஏ) கொடுத்து சிடிகே1-ஐக் குறைத்த செல்களிலும் பேண்ட் பாதிக்கு மேல் குறையவில்லை. சிடிகே2-வைக் குறைத்தபோது அதே பேண்ட் மங்கியது. மூன்று மாத பிளாட்டுகளைத் திரும்ப ஓட்ட வேண்டியதாயிற்று. ரீகாம்பினன்டில் ஆன்டிபாடியின் மரபணு வரிசையே கையில் இருக்கிறது. அதைச் செல்களில் வைத்துத் தயாரிக்கிறார்கள், முயல் மாறும் பேச்சே இல்லை.

எதை வாங்கினாலும் இம்யூனோஜன் (ஆன்டிபாடியை உண்டாக்க விலங்குக்குச் செலுத்தும் புரதத் துண்டு) எந்தப் பகுதி என்று பாருங்கள். பிஎஸ்டிஏஐஆர்இ (PSTAIRE) என்ற அமினோ அமில வரிசை இரண்டு கைனேஸிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று, அதைக் குறிவைத்த ஆன்டிபாடியால் இவற்றைப் பிரிக்க முடியாது. நான் புரதத்தின் கடைசிப் பகுதியான சி-முனையைக் குறிவைத்ததைத் தேர்ந்தெடுத்தேன்.

டைரோசின் 15 பாஸ்போ ஆன்டிபாடி (15-ஆம் இடத்து டைரோசினில் பாஸ்பேட் ஒட்டிய புரதத்தை மட்டும் பிடிப்பது) வேண்டுமென்றால் ரீகாம்பினன்டும் கைகொடுக்காது. அந்த டைரோசினைச் சுற்றியுள்ள வரிசையும் இரண்டிலும் ஒன்றுதான். முதலில் சிடிகே1-ஐ இம்யூனோபிரெசிபிடேஷனில் (ஆன்டிபாடியால் பிடித்துப் பிரித்தெடுக்கும் முறை) தனியே இழுத்து, பிறகு பிளாட் செய்ய வேண்டும். அதில் ஒரு வசதி: பிளாட்டில் கூடவே தெரியும் ஆன்டிபாடியின் கனச்சங்கிலி 50 கிலோடால்டனிலும் லேசான சங்கிலி 25-இலும் வரும், நடுவே 34 தெளிவாகத் தெரியும். கூடவே சிடிகே1-உடன் சேரும் சைக்ளின் பி1 புரதத்தையும் பார்க்க நினைத்தால், அதன் அருகிலேயே வரும் கனச்சங்கிலி தொல்லை கொடுக்கும்.

திசு வெட்டுகளில் நான் புதியதைப் பயன்படுத்தியதில்லை, அதற்கு இந்த அனுபவத்தை நம்பி வாங்காதீர்கள்.

ஆன்டிபாடியைச் சோதிக்க நாக்அவுட் செல் (மரபணுவை முழுதாக நீக்கிய செல்) கேட்காதீர்கள். சிடிகே1 இல்லாமல் செல் பிரிந்து பெருகாது. எஸ்ஐஆர்என்ஏதான் வழி. எஸ்ஐஆர்என்ஏ கொடுத்து 48 மணி நேரமான செல்களின் லைசேட்டை (செல்களை உடைத்தெடுத்த சாறு) மைனஸ் 80 டிகிரியில் பிரித்துப் போட்டு வைத்திருந்தேன். புதுப் பாட்டிலை முதலில் அதில்தான் ஓட்டினேன். சிடிகே1 குறைத்த லேனில் பேண்ட் ஏறக்குறைய இல்லை, சிடிகே2 குறைத்த லேனில் கொஞ்சமும் அசையவில்லை.