இருக்கும் ஒரே வீடு: செட்டில்மென்டா, உயிலா?

எழுபதை நெருங்கியபோது, என் பெயரில் இருக்கும் ஒரே வீட்டை மகனுக்கும் மகளுக்கும் இப்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுவதா, உயில் எழுதி வைப்பதா என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் எழுந்தது. நான் உயிலையே தேர்ந்தேன்; எனவே இந்த ஒப்பீடும் அந்தப் பக்கமே சாயும்.

செட்டில்மென்டைப் பதிவு செய்தே ஆக வேண்டும், முத்திரைத் தீர்வையும் உண்டு. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் போதும். இவை பலரும் அறிந்தவையே.

பத்திர எழுத்தர் கொடுத்த வரைவில், ‘இதை எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை’ என்ற வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அதன்கீழ் கையெழுத்திட்ட பின் நான் படுக்கையில் விழுந்து, இரவும் பகலும் ஆள் வைத்துப் பார்க்கவேண்டி வந்தால், அந்தச் செலவுக்காக வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ எனக்கு உரிமை இராது. ஆயுள்கால அனுபவ உரிமையை என்னிடமே வைத்துக்கொண்டு எழுதினாலும் குடியிருப்புதான் மிஞ்சும், விற்கும் உரிமை மிஞ்சாது.

பிள்ளைகள் பராமரிக்காவிட்டால் எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யக் கோர, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு இருக்கிறதே என்பார்கள். ஆனால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் சொத்து கைமாறியது என்பது நிறுவப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இச்சட்டத்துக்கு முதியோர் நலன் காக்கும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. ஆகவே செட்டில்மென்ட்தான் என்று முடிவெடுத்தவர்கள், அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதச் சொல்வது நல்லது. அப்படி எழுதியிருந்தாலும், தள்ளாத வயதில் கோட்டாட்சியர் முன் பெற்ற பிள்ளைக்கு எதிராக மனுவோடு நிற்க வேண்டுமே! உயிலை மாற்ற யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

செட்டில்மென்டின் பலத்தையும் மறைக்கக்கூடாது. வில்லங்கச் சான்றில் அது உடனே ஏறிவிடுகிறது, பட்டாவையும் மாற்றிக்கொள்ளலாம். உயிலோ எழுதியவர் போன பிறகு மெய்ப்பிக்கப்பட வேண்டியது. அதனால்தான் என்னைவிட இருபது வயது இளைய இருவரைச் சாட்சிகளாக வைத்து, அதே தேதியில் மருத்துவச் சான்றும் பெற்று, கட்டாயமில்லை என்றாலும் பதிவும் செய்தேன். அது எவ்வளவு தாங்கும் என்பதை நான் இருந்து பார்க்கப் போவதில்லை.

இன்னொரு பலவீனமும் உண்டு. புத்தி தெளிவை இழந்துவிட்டால் உயிலையும் மாற்ற முடியாது, வீட்டையும் விற்க முடியாது. பவர் பத்திரம் கொடுத்து வைத்திருந்தாலும், இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அந்த அதிகாரமும் அத்துடன் முடிந்துவிடும். ஆகவே பெயர்களும் தேதிகளும் எனக்குத் தடுமாறத் தொடங்கினால், வீட்டை விற்கும் பேச்சை உடனே எடுத்துவிட வேண்டும் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.