நன்றிக் குறிப்பேடு: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மதுரை மேலமாசி வீதியில் ஓர் எழுதுபொருள் கடையில் நன்றிக்குரியவற்றை எழுதிவைப்பதற்கான இந்தக் குறிப்பேட்டை 180 ரூபாய்க்கு வாங்கினேன். பக்கத்துக்கு ஐந்து வரிகள், தேதியை நாமே இட்டுக்கொள்ள ஓர் இடம். பொன்மொழிகள் எவையும் அச்சிடப்படாதது எனக்குப் பிடித்திருந்தது.

தொடக்கத்தில் 'குடும்பம், உடல்நலம்' என்று பொதுவாக எழுதி இரண்டே வாரத்தில் சலித்துப்போனேன். பிறகு, மாட்டுத்தாவணியில் நான் மறந்து விட்டுவந்த குடையை மறுநாள்வரை பத்திரப்படுத்தியிருந்த தேநீர்க் கடைக்காரர், மின்சாரம் போன இரவில் என் தாயார் படியிறங்கும்வரை விளக்கைப் பிடித்து நின்ற எதிர்வீட்டு அக்கா என ஆளையும் செயலையும் குறிப்பிட்டு எழுதத் தொடங்கிய பின்னரே, படுக்கையில் அன்றைய மனக்குறைகளை அசைபோடும் என் பழக்கம் தணிந்தது. அந்த அக்காவிடம் நேரில் சென்று நன்றி சொன்னதும் இந்த எழுத்தின் தூண்டுதலால்தான்.

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகிய உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாரம் ஒருமுறை வீதம் 10 வாரங்கள் நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், அன்றாடத் தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தம் வாழ்க்கையை நிறைவாக உணர்ந்தனர். எனவே நாள்தோறும் எழுத இயலாதவர்களுக்கும் தேதியிடாத இப்பக்கங்கள் பொருந்தும்.

தாள் மட்டும் மெலிது. மைப்பேனாவால் எழுதினால் மறுபக்கம் ஊறுகிறது.