ஆறு வெளியீடுகளுக்குப் பிறகு எங்கள் பொறுப்புத் தாள்

2022 பொங்கலுக்கு முந்தைய இரவு எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்க வேண்டும். சிறு நூலகங்களில் புத்தகம் கொடுத்து வாங்குவதைப் பதிவு செய்யும், யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருள் அது. தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் இயங்கும். நாங்கள் ஒன்பது பேர், எல்லோரும் பெங்களூருவாசிகள், பெரும்பாலும் தமிழர்கள். நூலகங்கள் இறக்கி நிறுவும் கோப்பான பொதியில், அது எங்களுடையதுதான் என்று உறுதிசெய்யும் மின்னணுக் கையொப்பம் இடும் சாவி ஒரே ஒருவரிடம் இருந்தது. அவரோ சொந்த ஊருக்குப் போகும் பஸ்ஸில், ஓசூர் சாலை நெரிசலில், சார்ஜ் தீர்ந்த கைபேசியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் தாமதமாக வெளியிட்டபோது கன்னடத் திரையில் பாதி மெனு வெறுமையாக இருந்தது. விசாரித்தால் எல்லோரிடமும் ஒரே பதில்: "நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்."

அதன் பிறகுதான், வெளியீட்டில் யார் எதைச் செய்வது என்று சொல்லும் பொறுப்புத் தாள் பிறந்தது. அல்சூர் ஏரிக்கருகே ஒரு சிற்றுண்டிக் கடையில் ஞாயிறு காலை உட்கார்ந்து எழுதினோம். இன்று மூன்று ஆண்டுகள், ஆறு வெளியீடுகள் ஆகிவிட்டன. தாள் என்று சொன்னாலும் அது மூலநிரலையும் அதன் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியத்திலேயே உள்ள ஓர் எளிய உரைக்கோப்பு. வெளியீட்டுப் பொறுப்பாளர், பிழை வரிசை, சோதனை, மொழிபெயர்ப்பு, மாற்றக் குறிப்பு, பொதி என்று ஆறு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர். யார் எந்தப் பொறுப்பை எந்த நாளில் ஏற்றார் என்பது கோப்பின் வரலாற்றிலேயே நிற்பதால் பிறகு வாதம் எழுவதில்லை. முதலில் நான்கு பக்கம் எழுதியிருந்தோம், யாரும் படிக்கவில்லை. ஒரு பக்கமாகக் குறைத்த பிறகே அது புழக்கத்துக்கு வந்தது.

தாளில் எனக்கு மிகவும் பிடித்தது 'நிழல்' என்ற ஏற்பாடு. பல கணினிகளில் மென்பொருள்களை இயக்கி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ் என்ற பெரிய கட்டற்ற திட்டத்திடமிருந்து எடுத்துக்கொண்டது இது. அங்கே ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதிய குழு அமைகிறது. பொறுப்பாளர் ஒவ்வொருவருடனும் வேலை கற்றுக்கொள்ளும் சிலர் நிழலாகக் கூடவே வருகிறார்கள், அவர்களிலிருந்தே பின்னர் பொறுப்பாளர்கள் உருவாகிறார்கள். அவ்வளவு ஆள்பலம் நமக்கு ஏது? ஆறு வேலைக்கு ஆறு நிழல் என்றால் பன்னிரண்டு பேர் வேண்டும். ஆகவே ஒரு வேலையைச் செய்பவர் இன்னொரு வேலைக்கு நிழல் என்று வைத்தோம். கடைசி வாரத்தில் இது சுமைதான், மறுக்க மாட்டேன். ஆனால் 2023 ஜனவரியில் மாற்றக் குறிப்பு எழுத வேண்டிய தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது, நிழலாக இருந்தவர் அன்றிரவே முடித்துக் கொடுத்தார். முன்பென்றால் வெளியீடே தள்ளிப்போயிருக்கும்.

தாள் தீர்க்காத சிக்கல் ஒன்று எங்கள் பேச்சிலேயே இருந்தது. வயதில் மூத்தவர் ஒரு வேலையைக் கேட்டால் இளையவர்கள் "முடியாது" என்று சொல்ல மாட்டார்கள், "பார்க்கிறேன் அண்ணா" என்பார்கள். அந்தப் 'பார்க்கிறேன்' எங்களுக்கு இரண்டு வெளியீடுகளில் பத்து நாளையாவது தின்றிருக்கும். இப்போது வெளியீட்டுக்குப் பத்து நாள் முன்பு ஒவ்வொருவரும் ஒரு வரி எழுத வேண்டும்: "இருக்கிறேன்" அல்லது "நிழலிடம் கொடுத்துவிட்டேன்". மூன்றாவது விடை கிடையாது. தேர்வு நெருங்கிய கல்லூரி மாணவர் ஒருவர் தயங்காமல் இரண்டாவதை எழுதியபோது நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

அடுத்தது, நிறுத்தும் உரிமை. 2023 ஜூலையில், வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் சோதனைப் பொறுப்பாளரான ஓய்வுபெற்ற நூலகர் அம்மா ஒரு பிழையைக் கண்டார். திரும்பத் தரும் நாள் விடுமுறையில் விழுந்தால் தாமதக் கட்டணம் தவறாக ஏறியது. வெளியீட்டுப் பொறுப்பாளர் தேதியை விடவில்லை, அம்மா பிழையை விடவில்லை. யார் சொல் செல்லும் என்று தாளில் இல்லை. குரல்கள் உயர்ந்தன. "வாசகரிடம் தவறாகக் காசு வாங்கிய நூலகத்துக்கு அவர் திரும்ப வரமாட்டார்" என்றார் அம்மா. ஐந்து நாள் தள்ளிவைத்தோம். மறுவாரமே தாளில் சேர்த்தோம்: நிறுத்தும் உரிமை சோதனையாளருக்கு, மறுதேதி குறிக்கும் உரிமை பொறுப்பாளருக்கு. எங்கள் தாளில் மிக மதிப்புள்ள வரி அதுதான் என்று நம்புகிறேன்.

மொழிபெயர்ப்புக்கு, லினக்ஸ் கணினிகளுக்கான திரைச் சூழலை உருவாக்கும் க்னோம் திட்டத்தின் வழக்கம் கைகொடுத்தது. அங்கே வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே திரையில் தோன்றும் சொற்கள் உறையவைக்கப்படுகின்றன, அதன்பின் மாற்ற மொழிபெயர்ப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நாங்கள் மூன்று வாரம் என்று வைத்தோம். வெற்று மெனு அதன்பின் வரவில்லை.

பொதி வேலையை மட்டும் 2024இல் மாற்றி எழுதினோம். அந்த ஆண்டு மார்ச் 29 அன்று, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் என்ற கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல், அதாவது பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி, இருப்பதை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்தினார். அதை இயக்கிவைக்கும் வரிகள் பொதுவில் இருந்த களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட பொதிக்குள் மட்டுமே இருந்தன. நெடுங்காலம் தனியாளாகச் சுமந்து களைத்த ஒரு பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றுத்தான் பின்வாசலை வைத்த கை உள்ளே நுழைந்தது. படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்களுடையது சின்னத் திட்டம்தான், ஆனால் அதை நம்பி நூலகங்கள் உறுப்பினர் முகவரிகளை வைத்திருக்கின்றன. இப்போது பொதியை ஒருவர் கட்டுகிறார். நிழல் தன் கணினியில் தனியாகக் கட்டிப் பார்க்கிறார். இரண்டின் சரிபார்ப்புத் தொகையும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணும், ஒத்துப்போன பிறகே கையொப்பம். சாவி இருவரிடம் இருக்கிறது, அவர்கள் ஒரே பண்டிகைக்கு ஒரே நாளில் ஊருக்குப் போகக்கூடாது என்பதும் தாளில் உண்டு.

ஏழாவது வெளியீடு இந்த ஜூலையில். மூன்று முறை நிழலாக இருந்த பெண் இம்முறை வெளியீட்டுப் பொறுப்பாளர். அவருக்கு நிழல் நான். பத்து நாள் முன்பு எழுத வேண்டிய வரியை நேற்றே எழுதிவிட்டேன்: "இருக்கிறேன்."