நீர்வண்ணத் தட்டும் வேற்றுக்கிரக முகமும்: நான்கு முறை பூசிப் பார்த்த அனுபவம்

மகளின் பாடசாலைக் கலைவிழா நாடகத்தில் அவளுக்கு வேற்றுக்கிரகவாசி வேடம் கிடைத்தது. முகமூடி அணிந்தால் வசனம் தெளிவாகக் கேட்காது என்று ஆசிரியை கூறிவிட்டதால், முகத்திலேயே வண்ணம் தீட்டுவதென்று முடிவு செய்து, இலங்கையின் ஹட்டன் நகரில் அழகுசாதனப் பொருட்கள் விற்கும் கடையொன்றில், நீர் தொட்டுப் பூசும் பன்னிரு நிற முகவண்ணத் தட்டு ஒன்றை 2850 ரூபாவுக்கு வாங்கினேன். ஒத்திகைக்கு மூன்று முறையும் விழாவுக்கு ஒரு முறையும் அதைப் பூசிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

கடையில் நிறங்களைப் பார்ப்பதற்கு முன்பே தட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியல் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்த்தேன். மாசி மாதம் வந்தால், காமன் கதையை வேடமிட்டு ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றும் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள் என்பதால், அரிதாரம் என்ற சொல் எனக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். அந்தச் சொல்லுக்குரிய மஞ்சள் கனிமம் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த நச்சுப்பொருள் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். இன்று ஒப்பனை என்ற பொருளில் சொல் மட்டுமே எஞ்சியிருக்கிறது என்றாலும், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத வண்ணத்தைப் பிள்ளையின் தோலில் பூச எனக்கு மனம் வராது. இந்தத் தட்டில் கிளிசரின், மெழுகு, டைட்டேனியம் டையொக்சைட், நிறமிகள் என அனைத்தும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. ஆயினும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் முழுவதும் அரிப்போ சிவப்போ வரவில்லை என்று உறுதிசெய்த பிறகே முகத்தில் பூசினேன்.

முதல் ஒத்திகை தோல்வியில் முடிந்தது. முகம் முழுவதும் வெளிர்பச்சையைப் பூசியதும் மகள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போலத் தோன்றினாள். நமது மாநிறத் தோலில் வெளிர் நிறங்கள் ஒரே பூச்சில் சாம்பல் படிந்தது போல் மங்கிவிடுகின்றன. அடுத்த முறை வெள்ளையையும் மஞ்சளையும் கலந்து மெல்லிய அடிப்பூச்சு கொடுத்து, அது காய்ந்த பின் பச்சையை ஸ்பொஞ்சால் தட்டித் தட்டி ஏற்றினேன். நிறம் பளிச்சென்று எழுந்தது. கன்ன எலும்பின் கீழும் நெற்றிப்பொட்டிலும் கறுப்புக்குப் பதிலாகக் கத்தரிப்பூ நிறத்தில் நிழலிட்டபோது, பச்சை மேலும் ஆழமாகத் தெரிந்தது. இந்தத் தட்டின் மிகச் சிறந்த நிறம் இந்தக் கத்தரிப்பூ நிறமே என்று தயங்காமல் கூறுவேன்.

புருவம் இருக்கும்வரை எந்த நிறம் பூசினாலும் முகம் மனித முகமாகவே இருக்கும். எனவே நீரில் கழுவினால் போய்விடும் பசைக்குச்சியைப் புருவ மயிரில் மேல்நோக்கித் தேய்த்து, காயவிட்டு, பவுடர் ஒற்றி, மீண்டும் தேய்த்து, இவ்வாறு மூன்று முறை செய்து மறைத்தேன். செதில்களுக்கு உதவியது, அப்பிள் பழத்தைச் சுற்றி வரும் மென்மையான வெள்ளை வலை. அதைக் கழுவி உலர்த்தி, கன்னத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் கரும்பச்சையைத் தட்டிவிட்டு மெதுவாக எடுத்தபோது, சாய்சதுரக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காதுவரை வரிசையாகப் பதிந்திருந்தன. மகள் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவே இல்லை. மூக்கு நுனியிலிருந்து நெற்றி நோக்கி ஒரு வெள்ளைக் கொம்பு வரைய வேண்டும் என்பது அவளுடைய யோசனை. ஹோர்ட்டன் சமவெளியில் அவள் பார்த்த, மூக்கில் கொம்புள்ள ஓணானிடமிருந்து வந்தது அது. நமது மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத அந்த உயிரினம், வேற்றுக்கிரகத்துக்கு எவ்வளவு பொருத்தமான முன்மாதிரி!

இனி குறைகள். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. மூடுபனி இறங்கும் மாலைகளில் பூச்சு நீண்ட நேரம் பிசுபிசுத்தது. ஸ்பொஞ்சை நன்றாகப் பிழிந்து, ஈரம் குறைவாக வைத்துப் பூசுவதும், ஒவ்வொரு பூச்சின் மேலும் பவுடரை ஒற்றுவதும் ஓரளவு கைகொடுத்தன. எனினும் விழா நாளில் தூறலில் நனைந்தபடி மண்டபம் போய்ச் சேர்வதற்குள் இடது கன்னத்துச் செதில்கள் வழிந்துவிட்டன. மேடைக்குப் பின்னால் அவற்றைத் திரும்பவும் பதிக்க வேண்டியிருந்தது. உடன் வரும் தூரிகை பயனற்றது, மயிர் உதிர்கிறது. மினுமினுப்புத் தூள் ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தார்கள். அது கைவினை வேலைக்குரிய கூரான துகள் என்பது விரலில் தேய்த்ததும் தெரிந்தது. அத்தகைய தூளைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. கண்ணுக்குள் விழுந்தால் கருவிழியைக் கீறிவிடும். கண்ணைப் பெரிதாகக் காட்ட, இமை விளிம்பை விட்டு விலகி, வெளிப்புறத்தில் மட்டும் கருமையை அகலமாக இழுத்தால் போதும்.

களைவது எளிது. இளஞ்சூட்டு நீரும் குழந்தைகளுக்கான சோப்பும் பெரும்பகுதியை அகற்றின. பச்சை மட்டும் காதோரத்திலும் மயிர்க்கரையிலும் மறுநாள்வரை கறையாக நின்றது. அந்த இடங்களில் முன்கூட்டியே வாசலின் தடவியிருந்தால் அதையும் தவிர்த்திருக்கலாம்.

நான்கு முறைக்குள் வெள்ளை முக்கால்வாசி தீர்ந்துவிட்டது, ஏனெனில் எந்த வெளிர் நிறத்துக்கும் அதையே கலக்க வேண்டியிருக்கிறது. சிவப்பையும் பழுப்பையும் நான் தொடவேயில்லை. வெள்ளை வட்டு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டேன். முழுத் தட்டாகத்தான் வருகிறது என்றார்கள். தனி வட்டுகளையும் வரவழைத்தால், தோட்டப் பாடசாலைகளில் நாடகம் போடும் ஆசிரியர்களுக்குச் செலவு பெரிதும் குறையும்.